கிழிசல் கணக்கு

டிசம்பர் கடைசி. காங்கயம் ரோட்டுக் கண்ணாஸ்பத்திரியில்
தியேட்டர் ஏசி நின்றபின்
நீள நோட்டை விரித்துக்
கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

லென்ஸுக்குப் பின்னால் ஒரு சவ்வு.
சின்ன வெங்காயத்தின் உள்தோலை எடுத்து
அதையும் பாதியாய் உரித்தால் எப்படியோ, அப்படி.
கிழிந்தால், பெயருக்கு நேரே
கடைசிக் கட்டத்தில் சிவப்புப் புள்ளி.

கிருபாகரன் டாக்டர்: எண்ணூற்றுப் பன்னிரண்டு கண், மூன்று புள்ளி.
ஹசீனா டாக்டர்: அறுநூற்று நாற்பது, ஆறு.
பூரணலிங்கம் டாக்டர்: ஐந்நூற்றுத் தொண்ணூறு,
பதினேழு.
ஆயிரத்துக்கு நாலு, ஒன்பது, இருபத்தொன்பது.
திங்கட்கிழமை இது டைப் ஆகி
ட்ரஸ்டிகள் மேசைக்குப் போகும்.

லிஸ்ட் போடுவது யார் என்று
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.
நான்தான்.
மூலனூர் கேம்ப் பஸ்ஸில் வருகிறவர்களை வரிசையாய் உட்காரவைத்து
டார்ச் அடிப்பேன்.
காப்பிக்கொட்டை நிறத்தில் இறுகியது,
எத்தனை சொட்டுவிட்டாலும் விரியாத கண்மணி,
கூன்முதுகால் நேராய்ப் படுக்க முடியாத ஆத்தா,
எல்லாம் மூன்றாம் டேபிள்.
யாரும் சொல்லி நான் செய்யவில்லை.
முதல் டேபிள் அவற்றைப் பார்த்துக்
"கோயமுத்தூருக்கு எழுதிக் குடுத்துருங்க" என்னும்.
மூன்றாம் டேபிள் "சரி, வரட்டும்" என்னும்.
எழுதிக் கொடுத்த கண் எத்தனை,
அதில் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தது எத்தனை?
புள்ளி வைக்க நோட்டு இல்லை.

ஆக, கடினமானதை எல்லாம் கழித்துப் பார்த்தேன்
(அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம்,
அதையும் கழிக்கவேண்டும்).
இருநூற்றுப்பத்துக் கண் போயிற்று. பதினொரு புள்ளி போயிற்று.
மிச்சம் ஆறு.
ஆறும் லேசான கண். நல்ல வெளிச்சம். படுத்த இடத்தில் அசையாத ஆட்கள்.
இப்போதும் ஆயிரத்துக்குப் பதினாறு.
மறுபடி கூட்டினேன். டீ ஆறிப்போனது.
பதினாறுதான்.

இன்று மத்தியானம் ராக்கியப்பன் என்று ஒருவர்.
பனியன் கம்பெனியில் செக்கிங்.
இடது கண் போய்ப் பத்து வருஷம்; வலது, கெட்டிப் பழுப்பு.
மூத்திர அடைப்புக்கு மாத்திரை எட்டு வருஷமாய்.
அந்த மாத்திரை தின்ற கண்ணில் கருவிழித்திரை
நனைந்த துணிபோல் துவளும், கத்திக்கு நடுவே வந்து விழும்.

"ஏனுங் சிஸ்டர், டேமேஜ் கம்மியா உடற டாக்டர் ஆருங்?"

நான் பேசாமல் ரத்த அழுத்தம் பார்த்தேன். அவரே பேசினார்:

"எங்க கம்பெனில பீஸு கிழிஞ்சு வந்தா
மொதல்ல துணியத்தானுங் பாப்பேன்.
அப்பறந்தான் டைலர் பேரு.
ஆனாலும் ஒருசில கைல
நல்ல துணியும் கிழியுமுங்."

கொஞ்சம் நிறுத்தி,
"பீஸு போனா செகண்ட்ஸ்னு காதர்பேட்டைக்குத் தள்ளிருவமுங்.
கண்ண எங்கீங் தள்றது?"

நாளைய லிஸ்ட் முன்னால் கிடக்கிறது.
முதல் டேபிள் வாங்காது. இரண்டாம் டேபிள் லீவில், பொங்கல் கழித்துத்தான்.
ராக்கியப்பன், வலது, மூன்று
என்று எழுதினேன்.
பதினான்காவது கேஸாக இருந்ததை அழித்து
முதலில் போட்டேன்.
கை புதிதாய் இருக்கும். காலை எட்டு மணி.

பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.
சிவப்புப் பேனாவுக்கு
மூடி போட்டேனா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.