கொல்லைக்கு

ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டார்:
"மோஷன் போச்சாம்மா?"
தையல்நாயகி என்னைப் பார்த்தாள்.
கர்ப்பப்பை எடுத்து மூன்றாம் நாள்.

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும்
குரலைத் தாழ்த்தி நான்:
"வெளிய போனீங்களா?"
"எங்க விட்டீங்க?
மூணு நாளா இந்தக் கட்டில்லதான கெடக்கேன்."

எனக்குக் கல்வராயன் மலையடிவாரம்.
எங்கள் பக்கத்துச் சொல்லை எடுத்து வைத்தேன்.
"காட்டுக்குப் போனீங்களா?"
தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு
சிரித்தாள்.
"மன்னார்குடியில ஏது சிஸ்டர் காடு?
கண்ணு போற தூரம் வயலு.
கொல்லைக்குப் போனியான்னு கேளுங்க."

பள்ளிக்கூடத்தில்
இடக்கரடக்கல், இரண்டு மதிப்பெண்.
'கால் கழுவி வந்தான்' என்று எழுதி
முழுசாய் வாங்கினேன்.
எந்த வாய்க்காலில் கழுவினான் என்று
கேள்வித்தாள் கேட்கவில்லை.

கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால்
கிணறு, நாலு வாழை, ஒரு முருங்கை,
கீற்று மறைப்பு.
"உங்க வீட்டுக் கொல்லை பெருசா?"
"பாமணியாத்துப் பொறம்போக்கு சிஸ்டர்.
முன்னால ரோடு, பின்னால ஆறு.
கொல்லை வாயிலதான் இருக்கு."
கக்கூஸ் கட்டித் தரப் பட்டா கேட்கிறார்களாம்.

சம்பா நட்டுவிட்டால் வரப்பு வரை தண்ணீர்.
மிச்சமிருப்பது ரோட்டோரம்,
அதுவும் இருட்டிய பிறகு.
லைட் விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும்,
கடந்ததும் உட்கார வேண்டும்.
திருத்துறைப்பூண்டி வண்டி, முத்துப்பேட்டை வண்டி,
அறுவடை மாதத்தில் நெல் லாரிகள்
வரிசையாக.
"எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்த வயிறு.
இப்பப் பீங்கான்ல உக்கார வச்சு
வா வான்னா வருமா?"

அன்றிரவு, பயிற்சிக்கு வந்த பெண்
'கொள்ளைக்குப் போகவில்லை' என்று
குறித்து வைத்திருந்தாள்.
ளகரத்தை அடித்துத் திருத்தினேன்.
கொள்ளை வேறு.
ஒரு காலத்தில் பேதியாய் வந்து
தெருத் தெருவாக வாரிப் போனது.
சண்டை வந்தால் நாத்தனார்
இவள் மேல் ஏவுவது அதைத்தான்:
கொள்ளையில போவ.

நாலாம் நாள். விடிய இன்னும் நேரமிருந்தது.
கழிவறைக் கதவுக்கு வெளியே நான்.
"சிஸ்டர், லைட்ட அணைங்க."
அணைத்தேன்.
கொசு. சொட்டும் குழாய்.
வார்டில் யாரோ இருமினார்கள்.

அப்போது பார்த்து
ஆம்புலன்ஸ் ஒன்று வளாகத்துக்குள் திரும்பியது.
வென்டிலேட்டர் கண்ணாடியில்
வெளிச்சம் ஏறி இறங்கியது.
உள்ளே வளையல் சத்தம்.
எழுந்து நிற்கிறாள்.

"யாருமில்லக்கா.
வண்டி போயிருச்சு.
உக்காருங்க."

மோஷன்: போனது. 4.55.
ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம் அவ்வளவுதான் அகலம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள்
முகம் துடைத்தபடி கேட்டாள்:
"உங்க காட்டுக்குள்ள பஸ் வருமா சிஸ்டர்?"
"வராதுக்கா. கரடி வரும்."
மறுபடியும் தையலை அமுக்கிக்கொண்டு
சிரித்தாள்.