ஈரக் கழிவு

ஐந்நூறு கிராம் என்று
பெட்டியின் அடியில் அச்சடித்திருந்தார்கள்.
வெண்கலம். முகப்பில் மணிவடிவக் கோடு,
நடுவில் எழும்பி இரண்டு பக்கமும் தாழ்வது.
சின்னப்பாலத்துப் பெண்கள் பார்த்ததும் சொன்னார்கள்:
திருக்கை.

பொதுக் கொள்கைக்கு வழிகாட்டிய
புள்ளியியல் ஆய்வுக்கான விருது.
சென்னையில் தகுதியுரையை
ஒருவர் மூச்சு வாங்காமல் வாசித்தார்:
எழுபத்துமூன்று நாள், பதினொரு தராசு,
ஆயிரத்து அறுநூற்றெட்டு நிறுவை,
கிலோவுக்குச் சராசரியாக எண்பத்திரண்டு கிராம் குறைவு.
அதன் பேரில் ஓர் அரசாணை.
பாசி இறங்கும் ஆறு துறைகளில் முத்திரையிட்ட தராசு.
ஈரக் கழிவென்று வியாபாரி பிடிப்பதற்கு உச்சவரம்பு.
(ஒரே மூச்சில்தான். முத்திருளாயி
ஒரு மூச்சில் இதைவிட அதிகம் அள்ளுவாள்.)
கைதட்டினார்கள்.
எண்பத்திரண்டு கிராமுக்கு இவ்வளவு சத்தம் வருமென்று
எனக்குத் தெரியாது.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை.
கட்டக்கோரையும் மரிக்கொழுந்துப் பாசியுமாய்
வள்ளத்திலிருந்து சாக்கு இறங்கும்போது ஒருமுறை நிறுப்பேன்.
பின்னாலேயே போய்
சேதுபாண்டியின் கொட்டகையில் அவர் சொல்வதை எழுதுவேன்.
விரல்களில் துணி சுற்றிய கைகள்
என் தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டும்.
முன்பு யாரோ நிரப்பிய படிவத்தில்
அந்தக் கைகளுக்கு நேரே, தொழில் என்ற கட்டத்தில்,
ஒரு சின்னக் கோடு.

முப்பதாம் நாள் முத்திருளாயி கேட்டாள்:
“அவன் தராசு பொய்யின்னா
ஒன் தராசு மட்டும் சத்தியம் பண்ணியா பொறந்துச்சு?”

ரேஷன் சீனி ஒரு கிலோவை மாட்டிப் பார்த்தோம்.
குறைந்தது.
தராசு பொய்யா, கடை பொய்யா,
உப்புக்காற்றில் சுருளுக்குத் துரு ஏறிவிட்டதா?
இரவு தூங்கவில்லை.
விடிந்ததும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்,
அலுவலகத்தின் முத்திரை குத்திய படிக்கல்லை
என் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்க்க.
தராசு சரியாகவே இருந்தது.
அப்படியானால் சீனி?
அது வேறு ஆய்வு.
அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இதற்கொரு பத்தி உண்டு.
நடுவர்கள் அதைத் தனியாகப் பாராட்டினார்கள்.

அந்த ஒரு நாள் மட்டும் கணக்கில் கிடையாது.

அன்றைக்குத்தான் பஞ்சவர்ணத்துக்குக் காது போனது.
ஆழத்தில் உள்ளே ஏதோ வெடித்ததாம்.
கரையேறி, பாசியை நிறுத்துப் போட்டுவிட்டு,
முந்தானையால் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனவள்
பிறகு கடலுக்கு வரவில்லை.
என் அட்டவணையில்:
இடையில் விலகியோர், ஒருவர்.

பதக்கத்தைத் துறைக்கு எடுத்துப் போனேன்.
அரசுத் தராசில் ஐந்நூறு.
கொட்டகை மூலையில் கிடந்த பழையதிலும்
முத்திருளாயி தூக்கி வைத்தாள்.
நானூற்று அறுபது.
பெண்கள் சிரித்ததில் நாய் எழுந்து ஓடியது.
சேதுபாண்டியும் சிரித்தார்:
“ஈரமா இருந்திருக்கும்.”

பஞ்சவர்ணம் அங்கே இல்லை.
வீட்டுக்குப் போய், கேட்கிற காதின் பக்கம் உட்கார்ந்து
விருது என்றால் என்னவென்று சொன்னேன்.
பதக்கத்தை உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்
திருப்பித் தந்தாள்.
“அன்னைக்கு நீ இல்ல.
பதினாலு கிலோ. அவன் பன்னெண்டே கால்ன்னான்.
எழுதிக்க.”

எப்படித் தெரியும் என்றேன்.

“தோளுக்குத் தெரியாதாத்தா?”

தோள், முத்திரையிடப்படாத கருவி.
ஆய்வோ முடிந்து, அச்சாகி,
அரசாணையுமாகிவிட்டது.
பாம்பன் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது
ஆயிரத்து அறுநூற்றொன்பதாவது வரியாக
அதை எழுதிப் பார்த்தேன்.

சராசரி
இரண்டாம் தசமத்தில் அசைந்தது.