இரண்டாவது ம

சியாத்துராவில் தெருக்கள் மேலே ஓடுகின்றன.
கம்பியில் தொங்கும் பெட்டிகள்தாம் எங்கள் பேருந்து.
பதினேழாம் எண் பெட்டிக்கு நான் காவல்.
லாமாரா. ஐம்பத்திரண்டு வயது.
வாய் திக்கும்.

இந்த வேலையில் சேர்ந்ததே அதனால்தான்.
கதவைத் திறக்கவும் ஆளை எண்ணவும்
மணியை இரண்டு முறை அடிக்கவும்
பேச்சு வேண்டியதில்லை.
மாங்கனீசுத் தூள் அப்பிய முகங்கள்
ஏறும், இறங்கும்.
வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவேன்.
சிலர் என்னை ஊமை என்றே நினைத்துச்
செத்தும் போனார்கள்.

கடையில்தான் தொல்லை.
எங்கள் மொழியில் உப்புக்கு மரிலி என்று பெயர்,
தயிருக்கு மத்சோனி.
'ம... ம...' என்று நான் நிற்கும்போதே
கடைக்காரி சியாலா
தயிர்ச் சாடியை எடுத்து வைத்துவிடுவாள்.
நல்லவள். இரக்கத்தில் செய்கிறாள்.
தலையசைத்து மறுக்கலாம்தான்;
இரக்கத்தை மறுக்க எனக்குத் தெரியாது.
ஒரு மார்ச் மாதம் முழுக்க
உப்பில்லாத பீன்ஸ் தின்றேன்.

கோயிலுக்கும் போவேன்.
தூணுக்குப் பின்னால் நிற்பேன்.
எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபம்
வெள்ளமாய்ப் போகும்;
நான் முதல் கல்லில் முட்டி நிற்கையில்
அவர்கள் ஆமென்னில் கரையேறியிருப்பார்கள்.
ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி
எனக்குப் பதில் நீ பேசு என்பேன், மனசுக்குள்.
மனசுக்குள் எனக்குத் திக்காது.
மனசுக்குள் சொன்னது கணக்கில் சேருமா?
பள்ளிக்கூடத்தில் சேரவில்லை.
முழுப் பாட்டும் தெரிந்தவளுக்கு
ஐந்துக்கு இரண்டு போட்டு
உட்கார் என்றார்கள்.

அந்தப் புதன்கிழமை மின்சாரம் நின்றது.
க்விரிலா ஆற்றுக்கு மேலே, பாதி வழியில்,
பெட்டியில் நான் மட்டும்.
பள்ளத்தாக்குக் காற்று
தகரத்தைப் பிடித்து உலுக்கியது.
ஒரு மணி நேரம். இரண்டு.
கால்விரல்கள் என்னுடையவை இல்லை என்றாயிற்று.
பயம் வந்தால் நாக்கு இன்னும் இறுகும், தெரிந்ததுதான்.
ஆனால் சிரிக்க ஆளில்லை,
முடித்துவைக்க ஆளில்லை.
வாய்விட்டே தொடங்கினேன்.

எங்கள் தந்தையே என்று தொடங்கும் ஜெபம்.
தந்தைக்கு எங்கள் சொல் மம.
ம... என்றேன்.
ம...
அங்கேயே நின்றது.
ம. ம. ம.
மேடு ஏறாத வண்டியின் சக்கரம்
சேற்றில் சுற்றுவதுபோல.

கம்பி முனகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது.
இரண்டாவது ம-விலேயே
சொல் முடிந்துவிட்டது.
அப்பா என்றாகிவிட்டது.
பிறகு நான் திக்கியதெல்லாம்
அப்பா, அப்பா என்று
திரும்பத் திரும்பக் கூப்பிட்டதுதான்.

யாரும் தயிரை எடுத்து நீட்டவில்லை.
அவசரமே இல்லாத ஒருவர்
எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.
அடுத்த அசைக்காகக் காத்திருப்பவர்போலவும் இல்லை.
சும்மா. இதுவே போதும் என்பதுபோல.

நான் அழவில்லை. மூக்கு ஒழுகியது, குளிர்.
மிச்ச ஜெபத்தைத் தொடவில்லை.
அன்றைய அப்பமும் மன்னிக்க வேண்டிய கடன்களும்
வரிசையில் நிற்கட்டும் என்று விட்டேன்.
மம மம மம.
ஐம்பது வருடத்துப் பாக்கியை
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு தீர்த்தேன்.

மின்சாரம் வந்தது.
கடவுள் அனுப்பினார் என்று சொல்ல மாட்டேன்;
மின்நிலையத்தில் யாரோ சரிசெய்திருப்பார்கள்.
பயந்துவிட்டாயா என்று கேட்ட
இயந்திர அறை ஓதாரிக்கு
இ... இ... இல்லை என்றேன்.
நாக்கு மாறவில்லை.
அதை மாற்றித் தரும்படி கேட்கவும்
மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் கடையில்
'ம... ம...'
சியாலாவின் கை தயிர்ப் பக்கம் போயிற்று.
என் கையை உயர்த்தினேன்.
எனக்குப் பின்னால் நான்கு பேர்.
கதவு சாத்தவில்லை, பனி உள்ளே வந்தது.
யாரோ இருமினார்கள்.
நான் நின்றேன்.

'...ரிலி.'

அன்றைய பீன்ஸில்
உப்பு கொஞ்சம் தூக்கல்.