கோட்டின் தடிமன்

சோக்கே மலையிலிருந்து நீல நைலின் பள்ளம் வரை
இறங்கிக்கொண்டே கோடு போடச் சொல்லி அனுப்பினார்கள்.
பையில் மூன்று பென்சில், ஓர் உயரமானி,
ஐம்பதாயிரத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிய வரைபடம்,
அலுவலகக் குடை. அதில் ஒரு கம்பி குறைவு.

முதலில் பச்சை.
எதுவரை ஒன்றுபோல் விளைகிறதோ
அதுவரை ஒரே மண்டலம்.
உச்சியில் பார்லி, நடுவில் தெஃப், அடியில் சோளம்.
குளிர்ந்தது தேகா, இடைப்பட்டது வொய்ன தேகா, கொதிப்பது கொல்லா.
பள்ளியில் படித்தபோது
தேசக் கொடிபோல மூன்று பட்டையாகத்தான் இருந்தது மலை.

இந்த உயரத்தில் பார்லி நிற்க வேண்டும் என்றது குறிப்பேடு.
நின்றது மக்காச்சோளம்.
யெனேநெஷ் ஒரு கதிரை ஒடித்து என் கையில் வைத்தாள்.
"அஞ்சு வருஷமா வருது. கொசுவும் வருது.
ரெண்டும் கீழேயிருந்து நடந்தே ஏறிச்சு."
பச்சைக் கோட்டை அழித்து மேலே போட்டேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.

அடுத்தது நீலம்.
இதற்கு வயல்கள் ஒன்றுபோல் இருக்க வேண்டாம்,
நடுவில் ஏதோ ஒன்று இருந்து
எல்லோரும் அதை நோக்கி வந்தால் போதும்.
அஸ்மாமாவின் டீசல் மாவு மில்லில் உட்கார்ந்து
வருகிற கழுதையை எல்லாம் எந்த ஊர் என்று கேட்டேன்.
கழுதைக்காரிகள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள்.
விளிம்புகளை இணைத்தால்
அவரை விதை வடிவில் ஒரு நாடு.
அரசன், புருவமெல்லாம் மாவாக, அஸ்மாமாவ்.

புதன்கிழமை பெல்ட் அறுந்தது.
பதினோரு நாள் அந்த நாடு இல்லை.
வடக்குக் கழுதைகள் வேறு மில்லுக்குத் திரும்பிவிட்டன.
தெற்கே பெண்கள் கல்லில் அரைத்தார்கள்;
இரவு முழுக்கச் சரிவில் அந்தக் கரகரப்பு,
வீட்டுக்கு வீடு
தனித்தனித் தலைநகரமாய்.
பன்னிரண்டாம் நாள் லாரியில் பெல்ட் வந்தது.
புகைக்குழாய் இருமியது.
எல்லை மெல்ல எழுந்து
மூட்டையைத் தூக்கிக்கொண்டு
திரும்பி நடந்து வந்தது.

சிவப்பை நானாக வரையக் கூடாது.
ஜனங்கள் தங்கள் மனத்தில் வைத்திருக்கும் எல்லைக்கு அது.
எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: கொல்லா எங்கே தொடங்குகிறது?
உச்சியில் பாதிரியார் தடியை நீட்டினார்:
"தைல மரங்களுக்குக் கீழே. காய்ச்சல் ஊர், முன்கோபக்காரர்கள்."
தைல மரத்தடியில், "சேச்சே, நாங்களா? ஓடை தாண்டணும்."
ஓடை தாண்டினால், "பாலத்துக்கு அந்தப் பக்கம்.
அங்கே பெண் கொடுக்க மாட்டோம்."
பாலத்துக்கு அந்தப் பக்கம்
ஒரு கல்யாணமே நடந்துகொண்டிருந்தது,
சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள்.
வாய் துடைத்துக்கொண்டே கீழே காட்டினார்கள்.

கடைசியில் ஆறு.
இதற்கும் கீழே இறங்க மண் இல்லை.
பாறையெல்லாம் அடுப்புக்கல். சட்டையில்லாமல்
ஆடுகளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றான் ஷிபாபாவ்.
"கொல்லாவா?" யோசித்தான்.
"அக்கரை. அங்கே வெயில் தாங்காது, போகாதீங்க."
சிவப்புப் பென்சிலைத் திரும்பப் பையில் போட்டேன்.
முனைகூட மழுங்கவில்லை.

அலுவலகத்தில் திலாயே மூன்று தாளையும்
ஒன்றின்மேல் ஒன்றாய் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.
"எதுவும் எதோடும் ஒட்டவில்லையே. ஒன்றை வை."
பச்சையை வைத்தேன்.
"இந்த யெனேநெஷ் வீடு எந்தப் பக்கம்?
விதை மானியம் அதைப் பொறுத்தது."

அளந்தேன்.
கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர்.
நிலத்தில் இருபத்தைந்து மீட்டர்.
அதற்குள் அடங்குகின்றன
தகரக் கூரை, மாட்டுக் கொட்டில்,
பாயில் காயும் மிளகாய்,
கொசுவலையைத் தைத்துக்கொண்டு அவள்.

மேசையோரம் சீவிய தூள் குவிகிறது.
எவ்வளவு சீவியும்
அந்த வாசலைவிட மெல்லியதாய்
ஒரு முனை வரவில்லை.