ஆறாம் பந்தி

கூட்டறிக்கை மூன்று மொழியிலும் வரவேண்டும், அது சட்டம்.
தமிழ்ப் பிரதியை யார் வாசிப்பார்கள் என்பது
சட்டத்தில் இல்லை.
கோட்டையில், கடலைப் பார்க்காத பக்கத்து அறையில்
பத்தொன்பது வருடமாக அந்தப் பிரதி நான்.

காலையில் வந்த வரைவில், ஆறாம் பந்தியில்
"ஆழ்ந்த கவலை" இருந்தது.
பத்தரைக்கு "ஆழ்ந்த" போனது.
மத்தியானம் நிலூகா மிஸ் கதவருகே நின்று
கவலையும் கொஞ்சம் கூடிவிட்டதாம் என்றார்.
கரிசனை என்று போட்டேன். பிறகு அக்கறை.
மூன்று மணிக்குக் "கவனத்திற் கொண்டனர்."
நீரிழிவுக்காரனின் கால்விரல்களை
ஒவ்வொன்றாய் எடுப்பார்களே, அப்படி;
ஒவ்வொரு முறையும்
இதோடு சரி என்றுதான் சொல்வார்கள்.

பந்தி ஒரு மனிதனைப் பற்றியது.
அந்த நாட்டின் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன்.
வெள்ளத்தில் செத்தவர்களின் தொகையை
அரசாங்கம் சொல்லுமுன் சொன்னவன்.
அவன் பெயரின் முதல் ஒலி தமிழில் கிடையாது.
ஆய்தம் வைத்து எழுதினேன்: ஃபெய்ரான்.
அவன் தங்கை மூன்று நாளாக வாசலில் நிற்கிறாள்,
லேமினேட் பண்ணிய படத்தோடு,
வெயிலில் அது பளபளத்து
முகம் தெரியவில்லை.
பொலிஸ்காரர் ஒருவர் அவளுக்கு
நிழல் எங்கே விழும் என்று கையால் காட்டினார்.

மேல்மாடியில் அவர்களுடைய அமைச்சர் தேநீர் குடிக்கிறார்.
நம்முடையதுதான்.
ஆறு பெட்டியில் ஒன்று அவர்கள் துறைமுகத்துக்குப் போகிறது.
போகாத மாதம்
நோர்வூட்டில் என் மதினிக்கு அரைப்பேர்தான் விழும்,
கொழுந்து குறையாவிட்டாலும்.
மாளிகாவத்தையில், செவ்வாயும் வெள்ளியும்,
என் அண்ணனின் இரத்தம்
அவர்கள் அன்பளித்த இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வருகிறது.
அதன் நெற்றியில் அவர்களுடைய தலைவரின் படம், சிரித்தபடி.
நேர்ஸ் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிவைத்திருக்கிறாள்.
அரசியல் ஒன்றுமில்லை,
அலாரம் விளக்கு அந்தப் பல்லில் பட்டுக் கண்ணைக் குத்துகிறதாம்.

அவர்களிடம் தேர்தல் இல்லை. நம்மிடம் இருக்கிறது.
அதனால் நாம்
வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்திடுகிறோம்.
அவர்களுக்கு அந்தத் தாமதமும் இல்லை.

நமக்கும் இப்படி ஒரு வருடம் இருந்தது.
அப்போது ஏதோவொரு தலைநகரில்,
இதேபோல் ஒரு பின்னறையில்,
நமக்கென்று எழுதப்பட்ட பந்தியை
யாரோ ஒருத்தி தன் மொழியில்
மெலியவைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.
அவளுக்கும் ஓர் அண்ணன் இருந்திருப்பான்.
இத்தனை காலம் அந்த நாடுகளை வைதேன்;
அவளை ஒருநாளும் நினைத்ததில்லை.
இன்று, மின்விசிறி காகிதத்தைத் தூக்கத் தூக்க,
அவள் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நாலே முக்காலுக்குக் கட்டளை வந்தது:
ஆறாம் பந்தி முழுவதும் வேண்டாம்.
ஏழு இனி ஆறு. தேயிலை, மருத்துவ உபகரணம்,
கலாசாரக் குழுக்களின் பரஸ்பர விஜயம்.

கடைசியிலிருந்து அழித்துக்கொண்டு போனேன்.
கவனம் போனது. தடுத்துவைப்பு போனது. என்பவர் போனது.
ன், ரா, ய், பெ.
விரல் அங்கே நின்றது.
பயந்தா, களைத்தா, தெரியவில்லை.
வீரமென்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

இரவு அச்சகத்திலிருந்து கேட்டார்கள்:
மிஸ், அஞ்சாம் பந்திக்குக் கீழே மூன்று புள்ளி கிடக்கு,
மை சிந்தினதா, எழுத்தா?
எழுத்து, என்றேன்.
இலக்கணத்தில் அதற்குத் தனிநிலை என்று பெயர்.
இருக்கட்டும்.

வாசலில் அவள் இல்லை.
நிழல் விழுந்த இடத்தில்
ஒரு தண்ணீர்ப் போத்தல், பாதி.
பஸ்ஸில் ஏறி அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.
ஆறரைக்கே வந்துவிடு என்றான்,
நாளை வெள்ளி.