மூன்று சொல்லும் வரை

வகுப்பில் எடை குறைந்தவள் நான்.
அதனால் எப்போதும் நோயாளி நானே.
பரேலில் ஒரு பழைய மில் கேன்டீன்தான் பயிற்சிக் கூடம்;
அதன் கூரையில் எத்தனை விரிசல் என்று
மற்றவர்களுக்குத் தெரியாது.

படுத்திருப்பவளுக்கு உலகம் என்பது
மூக்குத் துவாரங்கள், தாடைகள்,
யாரோ காலையில் தின்ற வடாபாவின் பூண்டு.
சொல்லாமல் தொட்டால் உடம்பு கல்லாகிறது.
"தோளைப் பிடிக்கப்போகிறேன்" என்றால்
தோள் தானே வந்து கையில் உட்கார்கிறது.
புத்தகத்தில் இது ஒரே வரி.
பலகைமேல் பன்னிரண்டு முறை கிடந்து
அந்த வரியைப் படித்து முடித்தேன்.

தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ண வேண்டும்.
ஏக், தோன், தீன்.
'தீன்' சொல்லும்போதா, சொன்ன பிறகா என்று
கேட்டுக்கொள்ளாத வைபவ் கரத்தும் நிலோஃபரும்
ஒருநாள் என்னை இரண்டாகத் திருப்பினார்கள்,
தோள் முன்னால், இடுப்பு பின்னால்.
சிரித்தோம்.
இது நிஜமாக இருந்தால், என்று
ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலை. தாராவி. நாலாம் நாள் மழை.
சந்துக்குள் வண்டி நுழையாது.
தத்தாராம் அறுபதடி ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

கணுக்கால் தண்ணீர்.
மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி.
ஏணியைவிட்டுக் கொஞ்சம் தள்ளி
வாசற்படியில் தலைசாய்ந்து ஒரு மனிதர்,
கால்கள் தண்ணீருக்குள்.
மேலே மீட்டர் பெட்டி வாய் பிளந்து
கறுப்பாக ஒரு வயரைத் தொங்கவிட்டிருந்தது.

"நிக்கியே, ஆம்புலன்ஸ்காரிதானே நீ?"
"மூச்சு இழுக்காருல்லா, பாரு!"
என் கால் ஏற்கெனவே பாதி ஓடிவிட்டது.
கையில் நீல உறை. அது ரத்தத்துக்கு.
கரண்டுக்கு அது வெறும் தோல்.

கைகளை விரித்துக் கூட்டத்தை மறித்தேன்.
மாடியிலிருந்து அவர் மனைவி
ஏணியில் கால் வைக்கப் போனாள்.
"தொடாதீங்க! ஏணியத் தொடாதீங்க!"
என் குரல் அப்படிக் கிழியும் என்று
எனக்கே அன்றுதான் தெரிந்தது.
கல்நெஞ்சுக்காரி என்றாள். மேலேயே நின்றாள்.

நாலு நிமிடம்.
கண்ணெதிரே கிடப்பவரைப் பார்த்தபடி
சும்மா நிற்பதற்கு
எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை.

பெஸ்ட் ஆள் மெயினைப் பிடுங்கிவிட்டுக்
கையைத் தூக்கிக் காட்டினார்.
சந்து முழுவதும்
மின்விசிறிகள் ஓய்ந்தடங்கும் சத்தம்.

அப்புறம்தான் தண்ணீருக்குள் கால்.
மூச்சு இருந்தது. நாடி தாறுமாறு.
"அண்ணாச்சி, எம் பேரு பூங்கோதை.
தலையப் பிடிக்கப்போறேன். ஆட்டாதீங்க."
இமை பிரிந்தது.
நான் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்திருப்பேன்,
மூக்கும் தாடையுமாக.
"காலு இருக்கா?"
"ரெண்டும் இருக்கு."
"செருப்பு?"
"ஒண்ணுதான் இருக்கு."
அதற்கு முகம் சுளித்தார். நல்ல அறிகுறி.

வைபவ் இடுப்பில், நிலோஃபர் கால்களில்.
"தீன் சொல்லும்போது. சொன்ன பிறகு இல்லை," என்றேன்.
ஏக். தோன்.
ஒரே மரமாகத் திரும்பினார்.
முதலில் மார்புப் பட்டை, பிறகு இடுப்பு, தொடை;
தலைக்குக் கடைசியில்தான்.
அதுவரை என் உள்ளங்கைகளே பட்டை.

தூக்கும்போது முழங்கால் மடியட்டும், முதுகு வேண்டாம்.
பலகை விலாவை உரசட்டும்.
சந்து திரும்புமிடத்தில்
இடுப்பைத் திருகாமல்
பாதங்களைச் சின்னச் சின்னதாக நகர்த்தினோம்,
கல்யாண வீட்டில் பீரோ இறக்குகிறவர்களைப் போல.
எங்கள் முதுகு நாளைக்கும் வேண்டும்.
நாளை யாரோ எங்கேயோ விழத்தான் போகிறார்கள்.

சயான் ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.
கதவு ஆடி நின்றது.
அவள் என் முன்னால் வந்தாள்,
புடவைக் கரையெல்லாம் சகதி,
கையில் அந்த மற்ற செருப்பு.
"அந்த நாலு நிமிசம்
எதுக்குத் தாயி சும்மா நின்னே?"

பதில் தெரியும். ஏணியில் வைக்கப்போன
அவளுடைய வலது கால்தான் பதில்.
அதை எப்படிச் சொல்வது?
உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்,
உள்பக்கம் வெளியே வர,
அழுக்கில் விரல் படாமல்,
ரொம்ப மெதுவாக.