இறக்கத்தில் இடித்தது

"அப்படியே பொருந்தும்" என்றுதான்
பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது.
எதற்கு என்று சொல்லவில்லை.

கட்டபெட்டு போஜன் கொண்டுவந்து விட்ட
தொண்ணூற்றெட்டு மாடல் எஸ்டீம்.
கோத்தகிரியில், டானிங்டன் சரிவில்
என் ஷெட்டுக்குள் மூன்று மணிக்கே மூடுபனி வந்துவிடும்.
இந்த உயரத்தில் காற்றுக்குக் கை இறுக்கம்,
என்ஜினுக்கு அளந்துதான் ஊற்றும்.
அதற்குத்தான் டர்போ.
"மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது
ஒரே ஒரு தடவை
அந்த இன்னோவாவை முந்தணும்ணே."
எந்த இன்னோவா என்று நான் கேட்கவில்லை.

நத்தை ஓடு மாதிரியான அது
மேனிஃபோல்டில் ஏறி உட்கார்ந்தபோது
ரேடியேட்டர் ஃபேனின் மடியில் இருந்தது.
தஸ்தகீருக்கு மில்லிமீட்டர் ஆகாது, எல்லாம் நூல் கணக்கு.
"நாலு நூல் வேணும். ஒண்ணுகூட இல்ல."

உக்கடத்துப் பழைய சாமான் கடையில்
ஒல்லியான ஃபேன் ஒன்று கிடைத்தது.
கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சொருகினோம்.
இதுவரை பின்னால் நின்று காற்றை இழுத்த வேலையை
இனி முன்னால் நின்று தள்ளிச் செய்யட்டும்.

அடுத்தது ஆயில் திரும்பும் குழாய்.
அதன் வாய் ஏ.சி. கம்ப்ரஸரைப் பார்த்துத் திறந்திருந்தது.
எண்ணெய்க்கு ஏறத் தெரியாது,
இந்த ஊர் ஓடைகளைப் போல விழத்தான் தெரியும்.
போல்ட்டுகளைத் தளர்த்தி
நடுப்பாகத்தை ஒரு கைக்கடிகார முள்ளளவு திருப்ப
குழாய் நேராகச் சம்ப்பைப் பார்த்தது.
அன்று ராத்திரி இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

பானெட் மூடுமா?
எதிர்க்கடை நாசரிடம்
ஓர் உருண்டை பரோட்டா மாவு வாங்கி
டர்போவின் தலையில் வைத்து மூடித் திறந்தேன்.
தகட்டின் விலா எலும்பு
மாவில் சுத்தமாகப் பதிந்திருந்தது.
அடியில் மிச்சம் மூன்று நூல்.
தஸ்தகீர் கை தட்டினான்.

கோடநாடு பக்கம் ஏற்றினேன்.
மூன்றாம் கியரில், தேயிலைக்கு நடுவே,
பழைய எஸ்டீம் வேறொரு வண்டியாகிவிட்டது.
அந்த விசில் சத்தம் கேட்டு
ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

திரும்பி வரும்போதுதான்.
இரண்டாம் கியரில் போட்டு
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
டிக்.
அடுத்த கொண்டை ஊசியில்
டிக், டிக்.

ஷெட்டில் நிறுத்திப் பார்த்தால் எதுவும் தொடவில்லை.
விரல் போகிறது. ஸ்பேனர் போகிறது.
விடிய விடியப் படுத்துக் கிடந்தும் தெரியவில்லை,
காலையில் பல் தேய்க்கும்போது தெரிந்தது:
நாங்கள் அளந்தது தூங்கும் என்ஜினை.
மேலே இழுக்கும்போது அது பின்னால் சாய்கிறது,
இறக்கத்தில், வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது,
முன்னால் குனிகிறது.
ஏற்றத்துக்காக வாங்கிய பொருள்
இறக்கத்தில்தான் போய் இடிக்கிறது.

மறுபடி நாசர் கடை.
"என்னண்ணே, வண்டிக்கு பரோட்டாவா போடறீங்க?"
இந்தத் தடவை மாவை ரேடியேட்டர் ஓரத்தில் அப்பி
இறக்கத்தில் ஓட்டி வந்தேன்.
ஒரு போல்ட்டின் ஆறு முகமும்
மாவைத் துளைத்துக்கொண்டு தகடு வரை போயிருந்தது.

என்ஜின் மவுன்ட் ரப்பர் கிழிந்து
வாயைப் பிளந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன்.
புதுசு போட்டோம்.
போல்ட் தலையைப் பாதியாகத் தேய்த்தோம்,
ரேடியேட்டர் பிராக்கெட்டில் ஓட்டையை நீட்டி
ஒரு நூல் முன்னால் தள்ளினோம்.
மூன்றாவது மாவு
சூட்டில் வெந்து, ஓரம் சிவந்து வந்தது.
தஸ்தகீர் ஸ்கேலை வைத்தான். ரெண்டு நூல்.
ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு
"உப்பு இல்ல" என்றான்.

ஒரு வாரம் கழித்து போஜன் போன் செய்தான்.
இன்னோவா அவன் மச்சானுடையதாம்.
"முந்தினியா?"
"குஞ்சப்பனை தாண்டி ஒட்டியே போனேன்ணே.
வளைவுல காட்டெருமை.
அவன் பிரேக் அடிச்சான்.
நானும் அடிச்சேன்."
"அப்புறம்?"
"எருமை போற வரைக்கும் அவன் பின்னாலயே நின்னேன்."
"எவ்வளவு தள்ளி?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ரெண்டு நூல் இருக்கும்ணே."